வேஸ்கூஸ் விருந்து யாருடைய தயவும் இல்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அதுதான். "அந்தக் காலத்து இங்கிலாந்தில் அச்சக முதலாளிகள் தொழிலாளிகளை எப்படித் தாங்கியிருக்கிறார்கள் பாருங்கள், வருசா வருசம் வேஸ்கூஸ் என்று விருந்தே வைத்திருக்கிறார்கள்" என்று உருகுகிறார் வீடியோ போட்டவர். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

விருந்து நடந்தது உண்மை. ஆகஸ்ட் 24, புனித பர்த்தலமேயு திருநாளை ஒட்டி நடக்கும். ஆனால் 1683இல் ஜோசப் மாக்சன் என்ற லண்டன்காரர் அச்சுத்தொழிலைப் பற்றி எழுதியபோது இன்னொரு விஷயமும் சொல்லியிருக்கிறார். முதலாளி அந்த விருந்தைக் கொடுக்கும்வரை தொழிலாளர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை பார்ப்பதில்லை. கோடை முடிந்து பொழுது சுருங்கும் நேரம் அது. இருட்டிய பிறகும் ஆள் வேண்டுமா? முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு, ராத்திரி மதுக்கடைக்குக் காசு கொடு, அப்புறம் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். இதற்குப் பெயர் தயவா? நிபந்தனை.

அச்சகத்துச் சன்னல்களில் அப்போது கண்ணாடிக்குப் பதில் காகிதம்தான்; விருந்தன்றைக்குப் புதுக் காகிதம் போடுவார்கள். பழையது நன்றாக இருந்தாலும் போடுவார்கள், விருந்து அந்த வேலையோடு சேர்ந்தது என்பதால். எழுத்து வார்ப்பவர், கொல்லர், தச்சர், மை தயாரிப்பவர் எல்லோரும் விருந்துக்கு வந்து தங்கள் பங்குக்குப் பணம் போடுவார்கள். அது அவர்களின் கடமை என்றே தொழிலாளர்கள் நினைத்தார்கள்; அவர்களுக்கு வேலை போவது தொழிலாளர்கள் கைகாட்டுவதால்தானே. புரூஃப் திருத்துபவரிடம் மட்டும் எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவரை அமர்த்துவது முதலாளி. கணக்கு அவ்வளவு தெளிவு.

"முதலாளி பணம்தானே, கொடுக்க மனசு வேண்டாமா?" என்பீர்கள். மனசு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. மனசு இல்லாதவரும் கொடுத்தாக வேண்டியிருந்தது என்கிறேன். "நீ எல்லாவற்றிலும் சங்கத்தைத்தான் பார்ப்பாய்" என்பவர்களுக்கு: மாக்சன் தொழிலாளி இல்லை. அச்சகம் நடத்தியவர், ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர், இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் பதவி வகித்தவர். முதலாளி பக்கத்து ஆளே எழுதிவைத்தது இது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், அப்பா கம்பாசிட்டர். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும், ராத்திரி முழுக்கக் குண்டு பல்புக்குக் கீழே நின்று அச்சுக் கோப்பார். விரலெல்லாம் ஈயக் கறுப்பு, அதனால் கண் எரிந்தால் மணிக்கட்டால்தான் தேய்ப்பார். ஒரு ஆயுத பூஜைக்குப் போனஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ட்ரெடில் அச்சு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். "என்னால முடிஞ்சதும்மா" என்று முதலாளி என் அம்மாவிடம் சொன்னார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த ராத்திரியே எழுத்துப் பெட்டி முன்னால் போய் நின்றார். நிற்கமாட்டேன் என்று சேர்ந்து சொல்ல அங்கே யாரும் இல்லை.

லண்டனில் இருந்தார்கள். அங்கே ஒவ்வொரு அச்சகத்துத் தொழிலாளர்களும் சேர்ந்தது ஒரு 'சேப்பல்', மூத்த தொழிலாளி அதன் 'ஃபாதர்'. ராத்திரி மெழுகுவத்தியை அணைக்காமல் போனவனுக்குக்கூட அவர்களே அபராதம் போடுவார்கள். சேப்பல் என்ற பெயர் முந்நூறு வருசம் கழித்தும் பிரிட்டிஷ் அச்சுத் தொழிற்சங்கங்களில் இருந்தது. 1986இல் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக் தன் பத்திரிகைகளை லண்டனின் வாப்பிங் பகுதிக்கு மாற்றியபோது வேலைநிறுத்தம் செய்த 5,000க்கும் மேற்பட்டவர்களின் வேலை போனது. "அந்தச் சங்கங்களும் ஆட்டம் போட்டார்கள்" என்பார்கள். போட்டிருக்கட்டும். ஒரு வருசம் தெருவில் நின்ற குடும்பங்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். அவர்களுடைய முன்னோர் போராடி வைத்திருந்த ஒரு விருந்தை எடுத்து முதலாளி கையில் கொடுத்து, "எவ்வளவு நல்லவர்" என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீடியோ போட்டவருக்கு மரியாதையாகத்தான் கமெண்ட் எழுதினேன். "நெகட்டிவிட்டி வேண்டாம் சகோ" என்று அழித்துவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன். அதைப் பகிர்ந்த நண்பர்கள் மெழுகுவத்தி விஷயத்தையும் சேர்த்துப் பகிருங்கள், இல்லையென்றால் வீடியோவை எடுத்துவிடுங்கள்.