ரக்பி மேல் பழியைப் போடாதீர்கள்

நியூசிலாந்து ஃபுட்பால் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே பல்லவிதான். "அது ரக்பி நாடு சார், அங்கே ஃபுட்பால் கிளப்பெல்லாம் பிழைக்காது." அதன் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் 1987, 2011, 2015 என்று மூன்று முறை ரக்பி உலகக் கோப்பை ஜெயித்த ஊர் என்பதால், கேட்க நியாயமாகவும் இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது.

ஆக்லாந்தையே எடுத்துக்கொள்வோம். 1999இல் ஃபுட்பால் கிங்ஸ் என்ற அணி ஆஸ்திரேலிய லீக்கில் சேர்ந்தது. 2005இல் அந்த லீக்குக்குப் பதிலாக ஏ-லீக் பிறந்தபோது அதுவே நியூசிலாந்து நைட்ஸ் ஆனது. முதல் சீசனில் 21 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. உள்ளூர்ப் பையன்களை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து யார் யாரையோ கூட்டி வந்தார்கள். மைதானமோ நகரின் வடக்கு ஓரம், ஆல்பனியில். நம்ம பசங்க என்று சொல்ல ஆள் இல்லாத அணிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? 2007இல் கதை முடிந்தது. ரக்பி தின்றுவிட்டது என்று எழுதினார்கள்.

அதே ஆக்லாந்து, அதே ரக்பி. 2024 அக்டோபரில் ஆக்லாந்து எஃப்சி தன் முதல் ஆட்டத்தை மவுன்ட் ஸ்மார்ட் மைதானத்தில் ஆடியபோது வந்த கூட்டம் 24,492. பிரிஸ்பேனை 2-0 என்று ஜெயித்தார்கள். முதல் சீசனிலேயே புள்ளிப்பட்டியலில் முதலிடம். ஸ்டீவ் கோரிகா பயிற்சி, ஜப்பானின் ஹிரோகி சகாய் கேப்டன். அரையிறுதியில் மெல்போர்ன் விக்டரியிடம் கோட்டை விட்டார்கள், அது வேறு விஷயம். கிளப்பில் பணம் போட்டவர்களில் ஒருவர் அலி வில்லியம்ஸ். யார் அவர்? முன்னாள் ஆல் பிளாக்! இனி ரக்பிக்காரன் ஃபுட்பாலுக்கு எதிரி என்று யாராவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் என் மனசு தலைநகர் வெலிங்டனின் கிளப்பான ஃபீனிக்ஸ் பக்கம்தான். நைட்ஸ் செத்த இடத்தில் 2007இல் முளைத்த கிளப். 2009 நவம்பரில் பஹ்ரைனை 1-0 என்று ஜெயித்து நியூசிலாந்து உலகக் கோப்பைக்குப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? ரோரி ஃபாலன் தலையால் முட்டிய கோலுக்கு கார்னர் அடித்தவர் லியோ பெர்டோஸ். பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் மார்க் பாஸ்டன். கோச் ரிக்கி ஹெர்பர்ட். மூவருமே அப்போது ஃபீனிக்ஸ்காரர்கள். 2010இல் தென்னாப்பிரிக்காவில் இத்தாலி உட்பட மூன்று அணிகளோடும் டிரா செய்து, அந்தப் போட்டியிலேயே தோல்வி காணாத ஒரே அணியாக ஊர் திரும்பினார்கள். உலகக் கோப்பை வந்ததால் ஃபுட்பால் வளர்ந்தது என்பார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன், கிளப் இருந்ததால்தான் அந்த உலகக் கோப்பையே வந்தது.

உலகக் கோப்பைதான் வளர்த்தது என்றால், அந்தக் கொண்டாட்டம் கிளப்பைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை. அடுத்த வருடமே உரிமையாளருக்குப் பணக் கஷ்டம். உள்ளூர்த் தொழிலதிபர்கள் சிலர் கூடி எடுத்து நடத்தினார்கள். 2015இல் ஏ-லீக்கில் ஆட பத்து வருட உரிமம் கேட்டபோது ஆஸ்திரேலியத் தலைமை முடியாது என்றது. கூட்டம் போதாதாம், டிவியில் பார்ப்பவர்கள் குறைவாம். ரசிகர்கள் போராடிய பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அப்புறம் கோவிட். சொந்த ஊரை விட்டு ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங்கில் போய் முகாம் போட்டு ஆடினார்கள். 2021 மே மாதம் ஒரு ஆட்டத்துக்காக வீடு திரும்பியபோது 24 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2024 ஏ-லீக் அரையிறுதிக்கு 33 ஆயிரம். அதுவும் ரக்பி சீசன் நடந்துகொண்டிருந்த மே மாதத்தில்!

இந்தக் கிளப்பின் அகாடமியைப் பற்றித் தனிப்பதிவே போடலாம். பஞ்சாபி வம்சாவளிப் பையன் சர்ப்ரீத் சிங் இங்கிருந்துதான் 2019இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போனார். லிபராட்டோ ககாச்சே பெல்ஜியம் வழியாக இத்தாலி போனார். ஃபிஜி இந்தியரான ராய் கிருஷ்ணாவும் ஐந்து வருடம் ஃபீனிக்ஸில் கோல் அடித்தவர்தான். நம்ம இந்திய லீக்கான ஐஎஸ்எல்லின் 2020 ஃபைனலில் சென்னையின் எஃப்சியை வென்ற கொல்கத்தா அணி ஏடிகேயில் இருந்தாரே, அதே மனிதர். (அந்த 3-1 பற்றி கமென்ட்டில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) நியூசிலாந்தின் ஸ்ட்ரைக்கர் கிறிஸ் வுட் தலைமுறைக்கு இந்த வழி சரியாக அமையவில்லை. அவர் பதின்ம வயதிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

ஆக்லாந்து வருகையில் எனக்கு ஒரே ஒரு உறுத்தல். அதன் முதலாளி பில் ஃபோலி, அமெரிக்கக் கோடீஸ்வரர். இங்கிலாந்தின் போர்ன்மவுத் கிளப்பும் அவருடையதே. ஃபீனிக்ஸ் வளர்த்த கோல்கீப்பர் அலெக்ஸ் பால்சனை 2024இல் போர்ன்மவுத் வாங்கியது. வாங்கிய கையோடு லோனில், அதாவது இரவலாக, எங்கே அனுப்பியது? ஆக்லாந்துக்கு. வெலிங்டன் ரசிகன் வயிறு எரியுமா எரியாதா? விதிப்படி எல்லாம் சரி. ஆனால் இங்கிலாந்துக்கு ஆள் அனுப்பும் கிளைக்கடையாக ஆக்லாந்து மாறிவிட்டால், இன்று வரும் கூட்டம் நாளை வராது. அதே சமயம், வெலிங்டனுக்கு ஒரு பங்காளிச் சண்டை தேவைப்பட்டது என்பதும் உண்மை. பதினேழு வருடம் சொந்த நாட்டில் திட்டுவதற்கு ஒரு அணிகூட இல்லாமல் இருந்தார்கள் பாவம்.

உண்மையான தடைகள் வேறு இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவது குளிர்காலத்தில், ஏ-லீக் நடப்பதோ பெரும்பாலும் கோடையில். சனிக்கிழமை காலை மகனை கிரவுண்டுக்குக் கூட்டிப்போகும் அப்பாவை அப்படியே சாயங்காலம் ஸ்டேடியத்துக்கு இழுக்க வழியில்லை. இன்னொன்று ஆசியா. ஆஸ்திரேலியா 2006இல் ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிவிட்டது, நியூசிலாந்து ஓசியானியா கூட்டமைப்பிலேயே இருக்கிறது. அதனால் ஆக்லாந்து லீக்கில் முதலிடம் பிடித்தும் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கால் வைக்க முடியாது. இது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் அந்த வெலிங்டன் ஸ்டேடியம். ஊர்க்காரர்கள் கேக் டின் என்று கிண்டலடிக்கும் வட்டமான மைதானம், 34 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும். கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டியது, அதனால் இருக்கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஏகப்பட்ட தூரம். சாதாரண ஆட்டத்துக்கு ஏழாயிரம் பேர் வந்தாலும் டிவியில் பார்க்க ஈயோட்டுவது மாதிரிதான் தெரியும். என்னிடம் ஃபோலி அளவுக்குப் பணம் இருந்தால் ஸ்ட்ரைக்கர் வாங்க மாட்டேன். பதினைந்தாயிரம் பேர் உட்கார, கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கை வைத்து, வெலிங்டனில் ஒரு செவ்வக மைதானம் கட்டுவேன். மழைக்கும் அந்த ஊர்க் காற்றுக்கும் கூரையோடு.