குதிரையின் பாட்டன் பெயரை வாசிக்க நேரம் இருந்ததே!

ஞாயிற்றுக்கிழமை நடந்த குதிரை வளர்ப்பு விருது விழாவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதீர்கள் சார்" என்று குழுவில் ஒருவர் அறிவுரை சொன்ன பிறகு பொறுக்க முடியவில்லை.

நேரமில்லையாம். அதனால்தான் குதிரைப் பதிவு முகாம்களில் உழைக்கும் எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் பெயர்களை வாசிக்கவில்லையாம். "எல்லோரும் மேடைக்கு வாருங்கள்" என்று மொத்தமாக ஏற்றி, ஒரே ஒரு புகைப்படம் எடுத்து, இறக்கிவிட்டார்கள். அதே மேடையில் ஒரு மார்வாரிக் குதிரைக்கு அப்பன், ஆத்தாள், இரண்டு பக்கத்துப் பாட்டன் பெயர் வரை நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள். அதற்கு நேரம் இருந்தது!

அந்தப் பாட்டன் பெயரை எதை வைத்து உறுதி செய்தீர்கள்? பதிவு முகாமில் வெயிலில் நின்று ஒரு தன்னார்வலன் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டிருக்கிறான். வேரில்லாமல் அறுந்து வந்தால் மரபணுச் சோதனைக்கு உதவாது. மறுபடி பிடுங்க வேண்டும், குதிரை சும்மா நிற்காது. உறையின் மேல் பெயர் மாறினால் வம்சாவளியே மாறிவிடும். ஒரு முகாமில் மிதி வாங்கிய என் கால் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. போகட்டும்.

சவாரி வீரர்களுக்குக் கொடுத்ததில் எனக்குப் பேச்சே இல்லை. விழுந்தால் உடைவது அவர்கள் எலும்பு.

வளர்ப்பாளர் விருதுக்கு வருகிறேன். குட்டி ஈனும்போது தாய்க்குதிரை யார் பெயரில் இருக்கிறதோ அவரே வளர்ப்பாளர் என்று விதியைக் காட்டுவீர்கள். பந்தயக் குதிரைகளுக்கும் பொதுவாக அப்படித்தான், தெரியும். முதல் போட்டவர் அவர், நஷ்டமும் அவருக்குத்தான். சரி. ஆனால் பதினோரு மாதம் சுமந்த குதிரை பெரும்பாலும் நள்ளிரவில்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றதா, இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடித்ததா, மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழுந்ததா என்று லாயத்தில் விழித்துக்கிடப்பது யார்? செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் நானே பார்த்தேன். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிட்டது. மருத்துவரை எழுப்பி வரவழைத்தது குதிரைக்கார அண்ணன். விடிந்ததும் முதலாளி வீடியோ அழைப்பில் வந்தார். தாய் பிழைத்ததா என்று கேட்கவில்லை. "காதைக் காட்டு, நுனி இரண்டும் தொடுகிறதா?" என்றார். உள்வளைந்த காதுதானே மார்வாரியின் அடையாளம்!

ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு சிரித்தது அந்த முதலாளி. அண்ணன் மண்டபத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். "வேண்டாம் தம்பி, சட்டை அழுக்கு" என்றார்.

"தன்னார்வலன் என்றால் எதையும் எதிர்பார்க்கக் கூடாது" என்கிறார் இன்னொரு பெரியவர். பணம் கேட்டேனா? பெட்ரோல் காசாவது கேட்டேனா? பெயரைத்தானே ஐயா கேட்கிறோம்! "உனக்குப் பொறாமை" என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பதிவு முகாமுக்கான தன்னார்வலர் பட்டியல் நேற்றிரவே வந்துவிட்டது. காலை 5.30 மணிக்கு வந்துவிட வேண்டுமாம். தொப்பியும் குடிநீரும் அவரவர் பொறுப்பாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதில் மட்டும் என் பெயர் தலைப்பெழுத்தோடு, பிழையில்லாமல், முதல் வரியிலேயே இருக்கிறது.