கையெழுத்துப் போட்டால் கேஸ் இல்லையா? தவறு

“அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி (மாணவர் சங்கம்), சொராரிட்டியில் (மாணவியர் சங்கம்) சேரும்போது சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், பிறகு என்ன கொடுமை செய்தாலும் வழக்குப் போட முடியாது” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பிள்ளையை அங்கே அனுப்பிய பெற்றோருக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் தகவல் தவறு.

பென்சில்வேனியா, ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலச் சட்டங்கள் ‘மாணவரே சம்மதித்தார்’ என்ற வாதத்தை ஏற்பதில்லை. பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் திமோத்தி பியாஸா என்ற 19 வயது மாணவர், சேர்ப்புச் சடங்கில் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்தார். ஏறக்குறைய 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. அவர் இறந்துபோனார். கூட இருந்த பலர்மீது வழக்குப் பாய்ந்தது. அவர் பெயரிலேயே 2018இல் வந்த மாநிலச் சட்டப்படி, கடுமையான ஹேசிங்குக்கு (சங்கத்தில் சேர்வோரைக் கொடுமைப்படுத்துவது, நம்மூர் ராகிங் போல) 7 ஆண்டுவரை சிறை.

2024 டிசம்பரில் ஒரு மத்தியச் சட்டமும் வந்தது. ஹேசிங் தடை விதிகளை மீறிய மாணவர் அமைப்புகளின் பட்டியலைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிள்ளை படிக்கும் கல்லூரியின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். சட்ட வாசகம் அமெரிக்க நாடாளுமன்றத் தளத்தில் இருக்கிறது.

அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பி, பாதிக்கப்பட்ட பிள்ளை புகார் கொடுக்காமல் இருந்துவிடலாம். எனவே தயவுசெய்து அந்தத் தகவலை இனி ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.