பாட்டுக்காக மட்டும் பார்க்கிற படமா இது?

'தி ஹார்டர் தே கம்' (1972) படத்தை, ஜமைக்கப் பாடகர் ஜிம்மி கிளிஃப்பின் பாடல்களைக் கோக்க ஒரு குற்றக்கதை என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தப் படத்தில் பாட்டும் குற்றமும் தனித்தனி இல்லை.

கிராமத்திலிருந்து ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வருகிற ஐவன், ஸ்டுடியோவில் உயிரைக் கொடுத்துப் பாடுகிறான். தயாரிப்பாளர் ஹில்டன் அந்தப் பாட்டுக்கு நீட்டுவது வெறும் 20 டாலர். முதலில் மறுத்துவிட்டுத் தானே விற்கக் கிளம்புகிறான். ஹில்டனை மீறி யாரும் வாங்கத் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் திரும்பி வந்து கையெழுத்துப் போடுகிறான். அவன் கஞ்சா கடத்தவும் துப்பாக்கி தூக்கவும் போவது இதற்கப்புறம்தான். கொலைகாரனாகத் தேடப்படும்போது அதே பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, காசு மட்டும் அவனுக்கு வரவில்லை. தலைமறைவாக இருப்பவன் பளபளக்கும் உடையில் இரண்டு துப்பாக்கிகளோடு தன்னைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போய் நிற்பான் பாருங்கள், அந்தப் புகழ்ப்பசியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஐவனாக நடித்த கிளிஃப்பும் சின்ன வயதிலேயே கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்குப் பாட வந்தவர்தான். நடிப்பு அத்தனை இயல்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இயக்குநர் பெர்ரி ஹென்சலுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். 1948-இல் போலீஸ் சுட்டுக் கொன்ற ரைஜிங் என்ற நிஜ ரவுடிதான் ஐவனுக்கு மூலம். கட்டுரையில் அவரைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

பாடல்களை மட்டும் கேட்டவர்கள், தயவுசெய்து முழுப் படத்தையும் பாருங்கள்.