மரத்தடியில் ஒரு பி.டி. பீரியட்

"பி.டி. பீரியடில் என்ன விளையாடுவீர்கள்?" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுவோம்" என்றாள். அதுவும் கணக்கு டீச்சர் அந்தப் பீரியடைக் கேட்டு வாங்காத வாரத்தில்தான்.

திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். நானும் அந்த மரத்தடி ஆள்தான். இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி ஆள் எடுப்பார்கள். கடைசியில் நானும் கண்ணாடி போட்ட இன்னொருவனும் மிஞ்சுவோம். "இவனை நீயே வைத்துக்கொள்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார்கள். ஒரு பீரியட் முழுக்கப் பந்து இரண்டு முறை காலில் பட்டால் அதிகம். வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் மைதானத்தை மூன்று சுற்று. தாமதமாக வந்தால் ஐந்து. ஓட்டம் எனக்கு அறிமுகமானதே தண்டனையாகத்தான். பிறகு அதன்மேல் ஆசை எங்கிருந்து வரும்?

பிள்ளைகள் ஓடியாடாததற்குக் கைப்பேசிதான் காரணம் என்கிறார்கள். பதின்பருவத்தினர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும் உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, 2016இல் உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள பெண்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. 2001இல் எவ்வளவு தெரியுமா? அதே 85. அன்று எந்தப் பிள்ளை கையில் தொடுதிரை இருந்தது?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள், ஊக்கம் உள்ளிருந்து வளர மூன்று வேண்டும் என்றார்கள்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, உடனிருப்பவர்களோடு ஒட்டுதல். எங்கள் மைதானத்தில் மூன்றுமே ஸ்கூல் டீமில் இருந்த பதினைந்து பேருக்கு மட்டும் கிடைத்தன. பல நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியரை வைத்துவிட்டு, கோப்பையும் கொண்டு வா என்று நெருக்கினால் அவர்தான் என்ன செய்வார்? பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். பின் குத்திய துப்பட்டா, கதவு சரியாகச் சாத்தாத கழிப்பறை, சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கும் பையன்கள். இதற்கு நடுவே குதித்து ஆடு என்றால் எந்தப் பெண் ஆடுவாள்?

என் மகள் சோம்பேறி இல்லை. நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மொட்டைமாடியில் ஷட்டில் ஆடினாள். யாரும் பாயின்ட் எண்ணவில்லை. இருட்டில் பந்து தெரியவில்லை என்று நான்தான் இறங்கி வரச் சொன்னேன். "இன்னும் ஐந்தே நிமிடம் அப்பா" என்றாள்.