√20-ஐ 2-ஆல் வகுத்தால் √10 வராது

எக்ஸ்² − 6எக்ஸ் + 4 = 0 என்ற கணக்கில் (6 ± √20)/2 வரை வந்துவிட்டு, "மேலேயும் கீழேயும் 2-ஆல் அடித்தால் 3 ± √10" என்று ஒருவர் விடை போட்டிருக்கிறார். அது தவறு. ஓ நிலை ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம்.

வெளியே நிற்கும் 2, மூலக்குறிக்குள் (√) போனால் 4 ஆகிவிடும். √20/2 என்பது √20/√4, அதாவது √5. முதலில் √20-ஐ உடைத்துவிட்டால் குழப்பமே இல்லை: 20 = 4 × 5, ஆகவே √20 = 2√5. இப்போது (6 ± 2√5)/2. இரண்டு உறுப்புக்கும் 2 பொது, விடை 3 ± √5. 6-ஐ மட்டும் வகுத்து 3 ± √20 என்று எழுதுவதும் இதே ரகம்தான்.

"மூலங்களின் (எக்ஸின் இரண்டு விடைகளின்) கூட்டல் 6 வருகிறதே, சரிதானே?" என்கிறார் அவர். அந்தச் சோதனை இங்கே எதையும் பிடிக்காது. ± இருப்பதால் கூட்டும்போது மூலக்குறி அடிபட்டுப் போகும், தவறான விடைக்கும் 6-தான் வரும். இரண்டு விடைகளையும் பெருக்கிப் பாருங்கள், சமன்பாட்டின் கடைசி எண்ணான 4 வரவேண்டும். 9 − 5 = 4, சரி. அவருடையது 9 − 10 = −1.

பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) எப்போதும் முழுவதுமாக அடிபடாது. 2எக்ஸ்² − 6எக்ஸ் + 3 = 0 போட்டால் (6 ± 2√3)/4; மூன்று எண்களையும் 2-ஆல் வகுத்து (3 ± √3)/2, அங்கேயே நிறுத்துங்கள். 3-ஐயும் √3-ஐயும் அடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு!

வினாவில் மூலக்குறி வடிவில் கேட்டிருந்தால் 3 + √5-க்குக் கால்குலேட்டர் காட்டும் 5.24-ஐ எழுதாதீர்கள்.