குளிர்க் கடலுக்குப் பருத்தி உடை ஏற்றதா?

அலாஸ்காவில் வழிகாட்டியுடன் பல நாள் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) பயணம் போகிறவருக்குப் பருத்தி பனியனும் சட்டையும் போதும், எந்தப் பருவத்துக்கும் அதுவே நல்லது என்று மேலே ஒரு கருத்து இருக்கிறது. அதை எழுதிய அண்ணன் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். காரைக்குடி வெயிலுக்கு அது முழுக்கச் சரி. பருத்தியில் நெய்த கண்டாங்கிச் சேலை கட்டும் ஆச்சிகளிடம் கேட்டாலே சொல்வார்கள்.

குளிர்க் கடலில் கதை வேறு. பருத்தி இழை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திவிடும். அதனால் உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடைதான் வேண்டும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரு பருத்தி பனியனையும் விளையாடப் போடும் பாலியெஸ்டர் பனியனையும் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வாளியில் முக்கி, ஒரே மாதிரி பிழிந்து, மறுபடி நிறுங்கள். பிறகு வளவுக் கொடியில் நிழலில் போட்டு அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். பருத்தியின் கீழ் ஓரம் இன்னும் சொதசொதவென்று இருக்கும். பயண நிறுவனம் அனுப்பும் உடைப் பட்டியலிலும் பருத்தியைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.